வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

அந்த அறை வேண்டும் என்று முதலில் கேட்டவளே நெரிஸ்தான். ஊரில் யாரும் அதை நினைவு வைத்திருக்கவில்லை. அதனால் நான் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நெரிஸ் என் மனைவி. எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் வகுப்பு உதவியாளராக இருந்தாள். பாடம் நடத்துவது அவள் வேலை இல்லை. பாடம் நடக்கும்போது நாற்காலியில் இருப்புக்கொள்ளாத பிள்ளைகளோடு இருப்பதுதான் அவள் வேலை. மூக்கைத் துடைத்துவிடுவாள், ஷூ லேஸ் கட்டிவிடுவாள், அழுகிற பிள்ளையைச் சன்னலருகே கூட்டிப்போய் எதிர்மலையில் மேயும் ஆடுகளைக் காட்டுவாள். நான் தபால்காரன். வேல்ஸின் வடக்கே, சிலேட்டுக் கல்லுக்காக வெட்டி வெட்டிக் குடைந்த மலைகளுக்கு நடுவே இருக்கிறது ஊர். மழை பெய்யாத நாள் வந்தால் ஒருவரையொருவர் நிறுத்தி வைத்து அதைப் பற்றிப் பேசுவோம். எல்லா வீட்டுக் கதவும் எனக்குப் பழக்கம். எல்லா வீட்டு நாய்க்கும் என் கால் பழக்கம்.

பள்ளியின் தலைமையாசிரியை மைனிர், நெரிஸுடன் கூடப் பிறந்த அக்கா. அவர்களுடைய அம்மா தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தவர். அதனால் நெரிஸுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டு, ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்து வளர்த்தது மைனிர்தான். இருவருக்கும் வயது வித்தியாசம் அதிகம். நெரிஸ் நரைக்கத் தொடங்கிய பிறகும் மைனிர் அவளைக் 'குட்டி' என்றுதான் கூப்பிடுவாள்.

மைனிர் மோசமானவள் இல்லை. இதையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிகளை நடத்தும் வட்டாரக் கவுன்சில் எங்கள் பள்ளியை மூடப்போவதாகச் சொன்ன வருடம், பிள்ளைகள் அத்தனை பேரையும் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போய், கவுன்சில் அலுவலக வாசலில் கொட்டுகிற மழையில் நிறுத்திப் பாட வைத்தவள். பள்ளி பிழைத்தது. அதன் பிறகு ஊரில் அவளுக்கு எந்தக் கடையிலும் வரிசையில் நிற்க வேண்டியிருக்கவில்லை.

மாரெட் ஆறு வயதில் அந்தப் பள்ளிக்கு வந்தாள். செம்பட்டை முடி, மெலிந்த உடம்பு. பேச்சு அவ்வளவாக வராது. சத்தம் தாங்கமாட்டாள். சாப்பாட்டு மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் புகுந்துகொள்வாள். யாராவது இழுத்தால் கடிப்பாள். நெரிஸிடம் மட்டும் எப்படியோ ஒட்டிக்கொண்டாள். அவள் தாய் கட்ரின் தனி ஆளாகப் பிள்ளையை வளர்த்தவள். ரொட்டிக்கடையில் விடிவதற்கு முன்பே வேலைக்குப் போய்விடுவாள்.

உடற்பயிற்சி மெத்தைகளைப் போட்டு வைத்திருந்த சின்ன அறை ஒன்று பள்ளியில் இருந்தது. சன்னல் கிடையாது. "சத்தம் அதிகமானா அவள உக்கார வைக்க எனக்கு ஒரு இடம் குடு அக்கா," என்று நெரிஸ் கேட்டாள். மைனிர் உடனே சரி என்றாள். ஒரு சனிக்கிழமை நானும் போய் மெத்தைகளை வெளியே தூக்கினேன். நெரிஸ் சுவருக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தாள். தலையணைகள் போட்டு, மங்கலாக எரியும் ஒரு விளக்கு வைத்தாள். மாரெட்டின் கையைப் பிடித்து அங்கே கூட்டிப் போவாள். இருவரும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் பிள்ளை தெளிந்துவிடுவாள். முதல் வருடம் அப்படித்தான் போனது.

அடுத்த வருடம் கவுன்சில் ஆட்களைக் குறைத்தது. இருந்த இன்னோர் உதவியாளரையும் எடுத்துவிட்டார்கள். பள்ளி ஆய்வாளர்கள் வரப்போகிறார்கள் என்ற பேச்சும் வந்தது. பெரிய பிள்ளைகளின் வாசிப்பு பின்தங்கியிருந்ததால் நெரிஸை அந்த வகுப்புக்கு மாற்றினார்கள். அவள் இல்லாத ஒரு காலையில் மாரெட் புதிதாக வந்த இளம் ஆசிரியையின் கையைக் கடித்துவிட்டாள். தையல் போடும்படி ஆயிற்று. மற்ற பெற்றோர்கள் புகார் சொன்னார்கள். இலையுதிர்கால விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது, மஞ்சள் அறையின் கதவில் புதிய தாழ்ப்பாள் ஒன்று இருந்தது. வெளிப்பக்கம், பெரியவர்களின் தோள் உயரத்தில்.

ஞாயிறு மதியம் மைனிர் வீட்டில் சாப்பிடுவது எங்கள் வழக்கம். அன்றைக்கும் ஆட்டுத் தொடைக்கறி வாட்டியிருந்தாள்.

"அக்கா, அந்தக் கதவுல தாழ்ப்பாள் எதுக்கு?"

"எந்தக் கதவுல?"

"உனக்கே தெரியும்."

மைனிர் என் தட்டில் உருளைக்கிழங்கைப் போட்டபடியே சிரித்தாள். "எம்லின், உன் பொண்டாட்டி சாப்பாட்டு மேசையில ஸ்டாஃப் மீட்டிங் போடுறா பாரு."

"நான் வெளையாடல அக்கா."

"அஞ்சு நிமிஷம் குட்டி. அதுக்கு மேல இல்ல. அவ அடங்குற வரைக்கும்தான். அவ ஓடிப்போய் ரோட்டுல லாரியில விழுந்தா யாரு பதில் சொல்றது?"

"நான் அவகூட இருந்தா தாழ்ப்பாளே வேண்டாமே."

"நீ அவகூட இருந்தா மேல் வகுப்பு என்னாகும்? இன்ஸ்பெக்‌ஷன்ல மோசம்னு எழுதிட்டுப் போனா ஸ்கூல மூடிருவாங்க. அப்புறம் உன் மாரெட் எங்க போவா, சொல்லு? சாப்பிடு. ஆறுது."

நெரிஸ் சாப்பிட்டாள். அக்கா சொன்னால் நம்பிப் பழகியவள்.

ஐந்து நிமிடம் எப்போது அரை மணி ஆயிற்று, அரை மணி எப்போது காலைப்பொழுது முழுவதும் ஆயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. பள்ளியில் எல்லாருக்கும் தலைக்கு மேல் வேலை. கதவு கனமானது, சத்தம் வெளியே வராது. சத்தம் வராததால் பிள்ளை அமைதியாக இருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்கள்.

நவம்பரில் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் நெரிஸ் ஏதோ எடுப்பதற்காக அந்தப் பக்கம் போனாள். தாழ்ப்பாள் போட்டிருந்தது. திறந்தாள். உள்ளே இருட்டு. விளக்கின் பல்பு போயிருந்தது. மாரெட் மூலையில் உட்கார்ந்திருந்தாள். உடை நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்திருந்தது. காலை வழிபாட்டின்போது கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள், அதன் பிறகு யாரும் வரவில்லை. கதவின் உள்பக்கம், அவள் கை எட்டும் உயரம்வரை பெயின்ட் உரிந்திருந்தது. வலது கையில் இரண்டு நகங்கள் பிய்ந்து தொங்கின. அவள் அழவில்லை. அழுது முடித்திருந்தாள்.

நெரிஸ் அவளைக் கழுவி, உடை மாற்றி, விரல்களுக்குக் கட்டுப் போட்டாள். மாலையில் கட்ரின் வந்தபோது மைனிர் தானே வாசலுக்கு வந்து நின்றாள்.

"வெளையாடுற எடத்துல சுவத்துல உரசிக்கிட்டா கட்ரின். பெருசா ஒண்ணுமில்ல. நெரிஸ்தான் கட்டுப் போட்டுவிட்டா."

கட்ரின் மகளின் கையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு நெரிஸைப் பார்த்து, "ரொம்ப நன்றி நெரிஸ். நீ இருக்கியேன்னுதான் நான் நிம்மதியா வேலைக்குப் போறேன்," என்றாள்.

நெரிஸ் குனிந்து மாரெட்டின் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டாள். அன்று நான் வீடு திரும்பியபோது அவள் கோட்டைக் கூடக் கழற்றாமல் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். நடந்ததைச் சொன்னாள். "அக்கா கண்ணு கூட இமைக்கல எம்லின்," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஒவ்வொரு வருடமும் பள்ளி தொடங்கும்போது கவுன்சிலிலிருந்து யாராவது வந்து வகுப்பெடுப்பார்கள். தவறு நடப்பதைக் கண்டால் சொல்லியே ஆக வேண்டும், சொன்னவருடைய பெயர் வெளியே வராது, அவருக்கு ஒரு கெடுதலும் நேராது என்பார்கள். யாரிடம் முதலில் சொல்வது, அவர் கேட்காவிட்டால் அடுத்து யாரிடம் என்று வரிசைப்படுத்திய சுவரொட்டி ஒன்று ஆசிரியர் அறையில் கெட்டிலுக்கு மேலே ஒட்டியிருக்கும். நெரிஸ் அந்த வரிசையை நம்பினாள். முதலில் தலைமையாசிரியை. மறுநாள் காலையிலேயே அக்காவின் அறைக்குப் போனாள்.

"தாழ்ப்பாள எடுத்துரு அக்கா. கட்ரின் கிட்ட உண்மையச் சொல்லிரு. நானும் உன்கூட வர்றேன்."

"வீட்டுலதான் நான் அக்கா. இங்க நான் ஹெட். உன் வகுப்புக்குப் போ."

அடுத்தது நிர்வாகக் குழுத் தலைவர். எங்கள் ஊரில் அது ஹியூ பாரி, இறைச்சிக்கடைக்காரர். தேவாலயத்திலும் பெரிய மனிதர். கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய், நெரிஸ் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கத்தியைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"இங்க பாரும்மா, உனக்கும் அக்காவுக்கும் நடுவுல ஏதாச்சும் மனஸ்தாபமா?"

"அதெல்லாம் இல்ல. ஒரு பிள்ளைய வச்சுப் பூட்டுறாங்க. அதச் சொல்ல வந்தேன்."

"பூட்டுறாங்கன்னு சொல்லாத. பெரிய வார்த்தை. எங்கிட்ட விடு, நான் பேசுறேன். வெளிய மட்டும் போயிடாத. நம்ம ஸ்கூலு, நம்ம மைனிரு." காகிதத்தில் கொஞ்சம் கறியைச் சுற்றி அவள் கையில் திணித்தார். "இத எம்லினுக்குச் சமைச்சுப் போடு."

நெரிஸ் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து நாய்க்குப் போட்டாள்.

ஹியூ பேசினாரா இல்லையா தெரியாது. தாழ்ப்பாள் இருந்த இடத்திலேயே இருந்தது. கிறிஸ்துமஸ் நெருங்கிய சமயம், நெரிஸ் கவுன்சிலின் குழந்தைப் பாதுகாப்புப் பிரிவுக்குத் தொலைபேசியில் பேசினாள். நான் பக்கத்தில் இருந்தேன். எடுத்த அம்மாள் கனிவாகப் பேசினார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில் ஒன்று சொன்னார். "விசாரணை முடியற வரைக்கும் அந்தக் குழந்தையோட அம்மாகிட்ட நீங்க எதுவும் பேசிடாதீங்க. கேஸ் கெட்டுப்போயிடும். நாங்க முறைப்படி சொல்லிக்கிறோம்."

நெரிஸ் சரி என்றாள்.

அந்த வாரமே கட்ரின் நெரிஸைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். சமையலறையில் உட்கார்த்தி வைத்து டீ கொடுத்தாள். "ராத்திரியில தூங்கவே மாட்டேங்குறா நெரிஸ். கதவைச் சாத்தினா அலறுறா. குளியலறைக் கதவக்கூட சாத்த விடமாட்டேங்குறா. ஸ்கூல்ல ஏதாவது நடந்துச்சா? உங்கிட்டதான் கேக்க முடியும்."

"சரியாயிடும் கட்ரின்," என்றாள் நெரிஸ். வேறு எதுவும் அவளுக்குச் சொல்ல அனுமதி இல்லை.

ஜனவரியில் கவுன்சிலிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். வரப்போவதை முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்தார்கள். அன்று மஞ்சள் அறையின் கதவு விரியத் திறந்திருந்தது. விளக்கில் புதிய பல்பு எரிந்தது. தலையணைகளின் உறை துவைத்திருந்தது. மைனிர் அவர்களுக்கு டீயும் பழரொட்டியும் கொடுத்தாள். பழைய மெத்தைகளை வைத்திருந்த காலத்துத் தாழ்ப்பாள் அது என்றாள். அவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

அவர்கள் கார் கிளம்பியதும் மைனிர் மேல் வகுப்புக்கு வந்தாள். பிள்ளைகள் எதிரிலேயே நெரிஸை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

"நீதானே?"

பெயர் வெளியே வராது என்று சொல்லியிருந்தார்கள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நெரிஸுக்கு அக்காவிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"ஆமா. நான்தான்."

"உனக்கு நான் என்ன குறை வச்சேன் குட்டி?"

"எனக்கு ஒரு குறையும் வைக்கல அக்கா."

மைனிர் திரும்பிப் போய்விட்டாள். அந்த ஞாயிறு எங்களுக்குச் சாப்பாட்டு அழைப்பு வரவில்லை. அதன் பிறகு எந்த ஞாயிறும் வரவில்லை.

அறையில் மறுபடி தாழ்ப்பாள் விழத் தொடங்கியது. கவுன்சில் அம்மாளைக் கூப்பிட்டால், "பாத்துக்கிட்டிருக்கோம்" என்றார். நெரிஸ் வீட்டில் பேச்சைக் குறைத்துவிட்டாள். ஒரு காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது என் கருவிப் பெட்டி திறந்து கிடந்தது. திருப்புளி இல்லை.

அன்று பிள்ளைகள் எல்லாரும் கூடத்தில் காலைப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தபோது, நெரிஸ் மஞ்சள் அறைக்குப் போய்த் தாழ்ப்பாளைக் கழற்றினாள். நல்லவேளையாக மாரெட்டை அதுவரை அங்கே கொண்டுவரவில்லை. கடைசித் திருகாணி இறுகிப்போய் வர மறுத்தது. அதோடு போராடிக்கொண்டிருக்கும்போது மைனிர் வந்துவிட்டாள்.

"என்ன பண்ற நீ?"

"கழட்டுறேன்."

"ஸ்கூல் சொத்து அது."

"அப்போ போலீஸக் கூப்பிடு. எனக்கும் அவங்க வந்தா நல்லதுதான்."

கூடத்தில் பாட்டு முடிந்தது. மைனிர் குரலை உயர்த்தவில்லை. "வீட்டுக்குப் போ நெரிஸ்," என்றாள். அவள் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை என்று நெரிஸ் பிறகு சொன்னாள்.

அவள் வீட்டுக்கு வரவில்லை. கடைசித் திருகாணியையும் கழற்றி, கோட்டுப் பையில் தாழ்ப்பாளோடு நேராக ரொட்டிக்கடைக்குப் போனாள். அதற்கு மேல் எந்த வரிசைக்கும் அவள் காத்திருக்கத் தயாராக இல்லை. நான் தபால் பையோடு அந்தத் தெருவில்தான் இருந்தேன். கண்ணாடிக்கு வெளியிலிருந்து அவளைப் பார்த்துவிட்டு உள்ளே போனேன். கட்ரினின் முழங்கைவரை மாவு. நெரிஸ் சொல்லச் சொல்ல அவள் கை மாவுக்குள் அப்படியே நின்றுவிட்டது.

"எப்போலேர்ந்து?"

"லீவு முடிஞ்சு வந்ததுலேர்ந்து. இலையுதிர் காலத்துல."

"அந்த நகம்?"

"ஆமா."

"நீ எங்க வீட்டுக்கு வந்த," என்றாள் கட்ரின். மெதுவாகத்தான் சொன்னாள். "என் டீயக் குடிச்ச. நான் உங்கிட்ட கேட்டேன். சரியாயிடும்னு சொன்ன."

"சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்க கட்ரின். கேஸ் கெட்டுப்போயிடும்னு..."

"நான் அப்புறமும் தினமும் அவளக் கொண்டுபோய் விட்டேன். என் கையால விட்டேன். அழ அழ வாசல்ல விட்டுட்டு வந்தேன்."

நெரிஸ் அவள் தோளைத் தொடப் போனாள். கட்ரின் விலகிக்கொண்டாள். ஏப்ரனைக் கழற்றி மேசையில் போட்டாள். மாவுக் கையோடு, மழையில், மேட்டுத் தெருவில் ஏறிப் பள்ளிக்குப் போனாள். மகளைத் தூக்கிக்கொண்டு வந்தவள் பிறகு அந்தப் படியை மிதிக்கவில்லை. அன்று பிற்பகலே அவள் காவல் நிலையத்துக்கும் போனாள். ஒரு தாய் நேரில் போய் நின்றதும், மாதக்கணக்கில் நகராதது ஒரே வாரத்தில் நகர்ந்தது.

மைனிரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். தொலைக்காட்சி வண்டி ஒன்று வந்து பள்ளி வாசலில் நின்றது. ஊர் அதைப் பார்த்துக் கூசிப்போனது. கூச்சம் கோபமாக மாற நாளாகவில்லை. கோபப்பட யாராவது வேண்டுமே. தாழ்ப்பாள் மீது கோபப்பட முடியாது. மழையில் பிள்ளைகளைப் பாட வைத்துப் பள்ளியைக் காப்பாற்றிய மைனிர் மீதும் முடியவில்லை.

என் வேலை எனக்கு எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தது. மணி அடித்தால் கதவைத் திறந்து நாலு வார்த்தை பேசுகிறவர்கள், நான் போகும்வரை உள்ளேயே நின்றார்கள். கதவுக்குப் பின்னால் மூச்சு விடும் சத்தம் எனக்குக் கேட்கும். கல்குவாரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கிழவர் ஒருவர் மட்டும் நேரடியாகவே சொன்னார்.

"கூடப் பொறந்தவளையே காட்டிக் குடுத்துட்டாளேப்பா உன் பொண்டாட்டி. வீட்டுல உன் பாடு எப்படி? வாயத் தொறந்து பேச முடியுதா?"

"அந்தப் பிள்ளையோட விரலப் பாத்தீங்களா தாத்தா?" என்றேன்.

"அதுவும் பாவந்தான்," என்று கடிதத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

பாடகர் குழுவில் நெரிஸ் சிறு வயதிலிருந்து பாடியவள். ஒரு பயிற்சி நாளில் அவளுக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலியாக இருந்தன. தள்ளி உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். முழுப் பயிற்சியும் பாடிவிட்டு வந்தாள். அடுத்த வாரம் போகவில்லை.

விசாரணை ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தது. முடிவில் நெரிஸ் சொன்னது அத்தனையும் உண்மை என்று ஏற்றுக்கொண்டார்கள். மைனிர் இனி எந்தப் பள்ளியிலும் வேலை பார்க்க முடியாது என்றார்கள். கவுன்சில் அம்மாள் நேரில் வந்து எங்கள் சோபாவில் உட்கார்ந்து, "உங்க துணிச்சல நாங்க பாராட்டுறோம்," என்றார். நெரிஸ் அவருக்கு டீ கொடுக்கவில்லை. அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

அதற்குள் பாதிப் பெற்றோர் பிள்ளைகளைக் கீழ்ப்பள்ளத்தாக்குப் பள்ளிக்கு மாற்றியிருந்தார்கள். எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று சொல்லி, மறு கோடையில் கவுன்சில் எங்கள் பள்ளியை மூடியது. அன்று யாரும் போய்ப் பாடவில்லை. நெரிஸ் பேங்கர் நகரத்து மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே இயந்திரச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. அது தனக்குப் பிடித்திருக்கிறது என்றாள்.

அவர்களுடைய சித்தி இறந்தபோதுதான் அக்காளும் தங்கையும் மறுபடி சந்தித்தார்கள். மைனிர் வீட்டை விற்றுவிட்டு எல்லைக்கு அந்தப் பக்கம், இங்கிலாந்தில், செடி விற்கும் கடை ஒன்றில் வேலை பார்ப்பதாகக் கேள்விப்பட்டிருந்தோம். ரொம்ப இளைத்திருந்தாள். அடக்கம் முடிந்து தேவாலயத்துப் பின்னறையில் எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவளே எங்களிடம் வந்தாள்.

"குட்டி."

நெரிஸ் கையிலிருந்த கோப்பையை என் பக்கம் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன்.

"அந்த லைட்டத்தான் நெனச்சுக்கிட்டே இருக்கேன்," என்றாள் மைனிர். "பல்பு போயிடுச்சுன்னு யாரோ வந்து சொன்னாங்க. மாத்தச் சொல்லணும்னு நெனச்சேன். போன் வந்துச்சு. மறந்துட்டேன். எல்லாத்தையும் விட்டுட்டு மனசு அதுலயே போய் நிக்குது. இருட்டுல இருந்திருக்கா."

"வீட்டுக்கு வா அக்கா. ஒரு நாள் இருந்துட்டுப் போ."

"கோவம் இல்ல உன்மேல. நீ செஞ்சதுதான் சரி. அது எனக்கு அன்னிக்கே தெரியும்." கையுறையை மாட்டிக்கொண்டே பேசினாள், முகத்தைப் பார்க்காமல். "வேற யாராச்சும் என்னப் பத்திச் சொல்லியிருந்தா, நேரா உங்கிட்ட வந்து உன் மடியில விழுந்து அழுதிருப்பேன். எனக்கு வேற யாரு இருக்கா? இப்போ நான் எங்க போறது, சொல்லு?"

மைனிர் அவள் காதோரத்து முடியை ஒதுக்கிவிட்டு, எல்லாரிடமும் தலையசைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் வாசல்வரை போனேன். மழையில் குடையில்லாமல் கார் நிறுத்தும் இடத்துக்கு நடந்துகொண்டிருந்தாள். கூப்பிடலாமா என்று நினைத்தேன். கூப்பிட்டு என்ன சொல்வது?

கட்ரினிடமிருந்து அழைப்பு வந்தது அதற்கு அடுத்த வசந்தத்தில். அவள் மாரெட்டோடு கடற்கரை நகரத்துக்குக் குடிபோயிருந்தாள். அங்கே இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே ஒரு பள்ளி உண்டு. "அவ இப்போ பேசுறா நெரிஸ். கொஞ்சம் கொஞ்சமா. நான் உன்ன ரொம்பப் பேசிட்டேன். வந்து பாரு," என்றாள்.

நெரிஸ் அந்த வாரம் முழுக்க வேறு ஆளாக இருந்தாள். மாரெட்டுக்குப் பிடித்த இஞ்சி பிஸ்கட்டைத் தானே சுட்டாள். எந்தச் சட்டை போடுவது என்று என்னிடம் கேட்டாள். காரில் போகும்போது பாடக்கூடச் செய்தாள்.

கடலோர நடைபாதையில் சந்திப்பதாகப் பேச்சு. வெயில் அடித்தது. கட்ரின் கையசைத்தாள். மாரெட் நன்றாக வளர்ந்திருந்தாள். சிவப்பு மழைக்காலணியோடு கைப்பிடிச் சுவரில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தவள், எங்களைப் பார்த்துத் திரும்பினாள். நெரிஸ் முட்டி போட்டு உட்கார்ந்து, பிஸ்கட் டப்பாவை நீட்டி, "மாரெட் கண்ணு, நான்தான், நெரிஸ்," என்றாள்.

பிள்ளையின் முகம் வெளுத்தது. இரண்டு கைகளும் காதுக்குப் போயின. அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, கோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சொன்னாள்.

"உள்ள வேணாம். உள்ள வேணாம். நெரிஸ் வேணாம்."

நெரிஸ் டப்பாவைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து பின்னோக்கி நடந்தாள். வேகமாக இல்லை. பிள்ளை பயந்துவிடக் கூடாது என்று மெல்ல மெல்ல, முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டே, தூரத்து பெஞ்சுவரை பின்னோக்கியே போனாள்.

கட்ரின் மகளைச் சமாதானப்படுத்தி மணலில் விளையாட விட்டுவிட்டு என்னிடம் வந்தாள். அவள் கண்ணெல்லாம் நீர். "எனக்கு இது தோணவே இல்ல எம்லின். தோணியிருந்தா கூப்பிட்டிருக்க மாட்டேன். அவள அந்த ரூமுக்குக் கூட்டிட்டுப் போக என்ன சொல்லுவாங்க தெரியுமா? விசாரணையில சொன்னாங்க. இழுத்தா வரமாட்டாளாம். அதனால, 'வா, உள்ள நெரிஸ் உக்காந்திருக்கா, உனக்காகக் காத்துக்கிட்டிருக்கா'ன்னு சொல்லுவாங்களாம். உடனே ஓடி வருவாளாம். ஒவ்வொரு தடவையும்."

நான் பெஞ்சுக்குப் போய் நெரிஸின் பக்கத்தில் உட்கார்ந்தேன். கட்ரின் சொன்னதைச் சொல்லாமல் விடலாமா என்று பார்த்தேன். ஆனால் இந்தப் பிள்ளை விஷயத்தில் மறைத்த காலம் போதும் என்று தோன்றியது. சொன்னேன். அவள் தலையை மட்டும் அசைத்தாள். மாரெட் தண்ணீர் விளிம்பில் அலையை மிதித்து மிதித்துக் குதித்துக்கொண்டிருந்தாள். அலை திரும்பும்போது துரத்துவாள், வரும்போது கத்திக்கொண்டு ஓடி வருவாள். அவர்கள் கிளம்பும்வரை நாங்கள் அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தோம்.

திரும்பும் வழியில், மலைப்பாதை ஏறத் தொடங்கி வழக்கம்போல மழை பிடித்துக்கொண்டபோது, நெரிஸ் என் பக்கம் திரும்பினாள்.

"பேச்சு எவ்வளவு தெளிவா வருது பாத்தியா எம்லின்," என்றாள். "என் பேரக்கூடச் சரியாச் சொல்றா."